இட்லித் தட்டில் பதினொரு ஸ்க்ரூ

என் லேப்டாப்பை என் கணவரே பிரிக்கப் போகிறார் என்று தெரிந்த நிமிடமே அதைத் தூக்கிக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்களை முடித்துக் கொடுக்க வேண்டும். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து உட்காருவதற்கே அரை நாள் ஆகிவிடும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் இரண்டு நாளைத் தொலைத்தேன்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னல் ஓரத்து மேஜைதான் என் ஆபீஸ். பக்கத்தில் இருக்கும் ஓர் அரசு உதவி பெறும் பள்ளிக்கு வினாத்தாள் டைப் செய்து கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் தமிழில். ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் கையெழுத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம், இப்போது வேண்டாம். நான் டைப் செய்து கொடுத்ததில் சிவப்பு மையில் திருத்தம் போட்டு அனுப்புவார்கள். அதைச் சரிசெய்து கொடுத்தால் அச்சுக்குப் போகும். காலாண்டுத் தேர்வுக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. "மேடம், இந்த வாட்டியும் லேட்டாச்சுன்னா நாங்க வேற ஆள பாத்துக்க வேண்டியதுதான்" என்று தலைமையாசிரியை போனில் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பள்ளி கொடுக்கும் வேலையால்தான்.

அதற்கு முன்புவரை என் கணவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் மெஷின் ஓட்டினார். இருபத்தாறு வருடம். தானாகவே ஓடும் புது மெஷின் வந்து இறங்கியது. இவரையும் இன்னும் நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் சாமான் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மிக்ஸி, மேஜை ஃபேன், சமையலறைக் குழாய், பக்கத்து வீட்டு அயர்ன் பாக்ஸ். பிரித்ததெல்லாம் மறுபடி ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் சேரும். ஆனால் அவர் ஒன்றைப் பிரித்தால் அதைப் பூட்டி முடிக்கும்வரை வீடு வீடாக இருக்காது.

லேப்டாப் ஒன்பது வருடத்துப் பழசு. குக்கர் வைக்கும்போது ஆன் செய்தால் மூன்றாவது விசிலுக்கு முகம் காட்டும். ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் கொடியில் காயும் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வரலாம். அப்படியே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு அறிவியலைத் திருத்திக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. உள்ளே இருந்து கட், கட் என்று ஒரு சத்தம். டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அதை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து கீபோர்டின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"பேரிங் போவுதும்மா" என்றார்.

"லேப்டாப்புல ஏதுங்க பேரிங்கு? சும்மா இருங்க."

"எது சுத்துதோ அதுக்கு பேரிங் கீது. கேக்குதுல்ல? ஹார்ட் டிஸ்க்குதான். இன்னும் ரெண்டு நாளு தாங்குனா பெரிசு. மாத்திடலாம்."

அவர் சொன்னது சரி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பே பக்கத்து ஏரியாவான ஓ.டி.யில் ஒரு பிரஸ்ஸில் டைப்செட்டிங் செய்தவள் நான். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு இவர் எனக்கு வந்து சொல்வதா? ஆனாலும் அந்தச் சத்தம் நிற்கிற வழியாக இல்லை. சரி என்றேன்.

சனிக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கே, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றிருக்கிறார். பதினொன்றரைக்கெல்லாம் ஒரு எஸ்.எஸ்.டி.யோடும் ஒரு கேபிளோடும் வீட்டுக்கு வந்துவிட்டார். எஸ்.எஸ்.டி. என்பது ஹார்ட் டிஸ்க் செய்யும் அதே வேலையைச் சுற்றாமல், சத்தம் போடாமல், வேகமாகச் செய்யும் புது வகை. சீட்டுக்கட்டைவிடச் சின்னதாக இருந்தது. வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் இட்லிப் பானையிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

"அது எதுக்குங்க?"

"ஸ்க்ரூ வெக்க. மூணு தட்டு, பன்னண்டு குழி. எந்த எடத்துல கழட்டுனமோ அந்த எடத்து குழியில வெக்கணும். நீளம் வேற வேறயா இருக்கும், மாத்திப் போட்டா கீபோர்டுல வந்து முட்டும்."

தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, நடுவில் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். அது உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

ஆயுத பூஜைச் சந்தனம்! வருஷா வருஷம் வீட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் இவர் சந்தனம் குங்குமம் வைப்பார். என் லேப்டாப்பின் மூடியில் வைத்த முதல் வருடம் நான் போட்ட கூச்சலில், அடுத்த வருடத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் அடிப்பக்கம் வைக்க ஆரம்பித்திருக்கிறார். அடிப்பக்கத்தில் பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக என்ன இருக்கிறது? ஸ்க்ரூ குழிதான். ஏழெட்டு வருடத்துச் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

"உங்களை நான் என்னதான் பண்றது, சொல்லுங்க?"

"ஒரு ஊக்கு எடுத்துகினு வா."

என் மஞ்சள் கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு குழியாகக் குடைந்து, ஊதி, துடைத்து, பதினொரு ஸ்க்ரூவையும் கழற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பன்னிரண்டாவது குழியில் சந்தனத் தூளைச் சேர்த்து வைத்தார். அதைக் குப்பையில் போடக்கூடாதாம், செடிக்குப் போட வேண்டுமாம். அதற்கப்புறம் வெர்னியரை எடுத்துப் பழைய டிஸ்க்கையும் புதியதையும் அளந்தார். புதியது இரண்டரை மில்லி ஒல்லியாக இருந்ததாம். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அடியில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று அலமாரியில் பத்திரிகை தேட ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மட்டும் நாற்பது திருத்தம் பாக்கி. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது பெரிய சண்டை. பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் அப்படியே புதியதில் இறக்க வேண்டும் என்பது இவர் கட்சி. அதற்காகத்தான் அந்தக் கேபிள். பழைய டிஸ்க்கைத் திரும்பவும் அதன் இடத்தில் வைத்து, புதியதைக் கேபிளில் மாட்டி, வீடியோவில் சொன்ன மாதிரி ஓடவிட்டார். ஒன்பது மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்து மணி நேரம் ஆகும் என்று வந்தது.

"இது ஆவறதில்லைங்க. என் ஃபைல மட்டும் பென் டிரைவ்ல எடுத்துக்கிறேன். புதுசுல நானே எல்லாத்தையும் புதுசா போட்டுக்கிறேன். பழைய குப்பை எதுக்கு?"

"ஒரு நேரத்துல ஒண்ணதான் மாத்தணும்மா. டிஸ்க்க மாத்தறோம், அதோட நிறுத்திக்கணும். உள்ள இன்னா இன்னா கீதுன்னு நமக்கு முழுசா தெரியாது. அப்படியே வரட்டும்."

"புது ஊட்டுக்குப் போறப்ப பழைய தொடப்பத்தையும் தூக்கிகினு போவாங்களா?"

"வேல முடியற வரைக்கும் பொறு. ராத்திரிக்குள்ள ஆயிடும்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஊட்ல சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கு ஒம்பது மணி நேரம் இன்னா, ஒம்பது நாளு ஆனாலும் ஒண்ணுமில்ல. எனக்கு வேல கீது."

அவர் முகம் சுண்டிப்போனது. நான் நகல் ஓடுவதை நிறுத்தினேன், வினாத்தாள் ஃபைல்களைப் பென் டிரைவில் ஏற்றினேன், லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, அட்டை கொடுத்து, இட்லித் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பதினொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் முடுக்கிக் கொடுத்தார். கழற்றிய டிஸ்க்கை நானே எடுத்து, உடைந்த மவுஸும் பழைய சார்ஜரும் கிடந்த அட்டைப் பெட்டியில் வீசினேன். தொலைந்தது சனியன் என்று வாய்விட்டும் சொன்னேன்.

புதியதில் விண்டோஸைப் போட்டு நிமிர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டனைத் தொட்டதும் எழுந்து நிற்கிறது. ஒன்பது வருடமாக நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம்! பென் டிரைவிலிருந்து ஃபைல்களை இறக்கினேன், எல்லாம் இருந்தன, எண்ணிக்கை சரியாக இருந்தது. திறந்து பார்க்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம், இந்த வேகத்துக்கு எல்லாம் இரண்டு மணி நேர வேலை என்று பெருமையாகப் படுக்கப் போனேன்.

ஞாயிறு காலை பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் என்று ஒலிபெருக்கி போட்ட வண்டி தெருவுக்குள் வந்தது. சுத்தம் செய்கிற உற்சாகத்தில் இருந்தேன். அந்த அட்டைப் பெட்டியை அப்படியே தூக்கி வண்டிக்காரரிடம் கொடுத்தேன். அவர் உள்ளே பார்க்கக்கூட இல்லை. வண்டி திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து, காபியோடு உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் திறந்தேன்.

தமிழே இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். அடுத்த ஃபைல், அதற்கடுத்த ஃபைல், எல்லாம் அதே கதி. ஒரு நிமிடம் விழித்துவிட்டுப் புரிந்துகொண்டேன். நான் டைப் செய்வது பழைய காலத்துத் தமிழ் ஃபாண்டில். அந்த ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் எழுத்து தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் இந்தக் கண்ணராவிதான். ஊரே எப்போதோ புது முறைக்கு மாறிவிட்டது. விரல் பழகிவிட்டது என்று நான்தான் மாறாமல் கிடந்தேன். அதிலும் என்னுடையது கடையில் கிடைக்கும் ஃபாண்ட் இல்லை. ஓ.டி. பிரஸ்காரர் பள்ளி வேலைக்கென்றே பின்னமும் வர்க்கமூலமும் வேதியியல் குறிகளும் சேர்த்து ஆள் வைத்துச் செய்தது. பிரஸ் மூடி வெகுகாலமாகிறது. அவரும் இல்லை. ஃபைலைப் பத்திரமாக எடுத்தவள், அதைப் படிக்க வைக்கும் ஃபாண்டை எடுக்க மறந்துவிட்டேன். ஒன்பது வருடமாகக் கண் முன்னால் இருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

நெட்டில் அதே குடும்பத்து ஃபாண்ட் ஒன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். தமிழ் பாதி வந்தது. வர்க்கமூலம் இருந்த இடத்தில் 'ஹ' வந்து உட்கார்ந்திருந்தது. பின்னமெல்லாம் காணாமல் போயிருந்தது. இருபத்தைந்து வினாத்தாளை முதலிலிருந்து ஒரே நாளில் டைப் செய்ய என்னால் முடியாது. அந்த ஃபாண்ட் உலகத்தில் இருக்கும் ஒரே இடம் பழைய டிஸ்க். பழைய டிஸ்க் போன இடம் பழைய இரும்பு வண்டி.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் நன்றாகவே ஓடியது. நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் "எங்கம்மா போற?" என்று இவர் குரல் கேட்டது. நின்று பதில் சொல்ல எனக்கு முகம் இல்லை. இரண்டு தெரு தாண்டி, கோயில் பக்கத்தில் அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பிடித்தேன்.

"அண்ணே! அண்ணே, நிறுத்துங்க! நான் குடுத்த பெட்டிய குடுங்க!"

"யக்கா, குடுத்தது அப்படியே கீது. நான் கைய வெக்கல. இன்னா, தங்கம் கிங்கம் உட்டுட்டியா?"

நடுத்தெருவில் உட்கார்ந்து பெட்டியைக் கொட்டினேன். மவுஸ் இருந்தது, சார்ஜர் இருந்தது, எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு போன் இருந்தது. டிஸ்க் இல்லை. பேப்பர் கட்டுக்குள்ளும் தேடினேன். வண்டிக்காரரும் இரும்புக் குவியலைக் கிளறிக் காட்டினார். கோயிலுக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பள்ளி போச்சு, வேலை போச்சு, இதை அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அவர் வாசல் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா தேடிகினு போன?"

சொன்னேன். ஃபாண்ட், ஃபைல், பெட்டி, வண்டி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்தார். அவருடைய வேலை உடுப்பை மடித்து வைத்திருக்கும் தட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கம்பெனி ஷாப்பில் மெஷின் துடைக்கும் மஞ்சள் துணி. பிரித்தால் என் டிஸ்க். அதில் நூல் போட்டு ஒரு அட்டைச் சீட்டு கட்டியிருந்தது. அவருடைய அச்சு மாதிரி கையெழுத்து: 'கழற்றியது சனிக்கிழமை. ஓடும். ஒரு வாரம் வைக்கவும்.'

"நான்தான பெட்டியில போட்டேன்?"

"நீ போட்ட. நான் எடுத்தேன்."

நான் நிறுத்திய அந்த நகலைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டிஸ்க்கைக் கேபிளில் மாட்டி, அதே துணியை நாலாக மடித்து அதன் மேல் சாய்வில்லாமல் வைத்தார். கட், கட் என்று அடித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் ஆறவிட்டார். திரும்ப மாட்டினார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "சுத்துது, சுத்துது, பேசாம இரு" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, நான் பேசாமல் இருந்தேன். டிஸ்க் திறந்தது. ஃபாண்ட் இருக்கும் இடத்துக்குப் போய் அதை எடுத்துப் புதியதில் போட்டேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தைத் திறந்தேன். வர்க்கமூலம் வர்க்கமூலமாக இருந்தது.

அன்று முழுக்க நான் திருத்தினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தேய்மானம் பற்றிய கேள்வி ஒன்று வந்தபோது மட்டும், கேள்வியே தப்பு என்று அறிவியல் ஆசிரியரோடு சண்டைக்குப் போகப் பார்த்தார். அடக்கி வைத்தேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் அனுப்பினேன். 'வந்துவிட்டது, நன்றி' என்று தலைமையாசிரியையிடமிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் கேட்டேன், அந்தச் சீட்டு என்ன கணக்கு என்று. இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஷாப் பழக்கம்மா. புதுசு மாட்டுனா அது ஒரு வாரம் நல்லா ஓடற வரைக்கும் பழச தூக்கிப் போடக் கூடாது. சீட்டு கட்டி வெச்சிடணும். புதுசுக்கு தெரியாதது எதனா பழசுல இருக்கும்." குழாயை மூடினார். "எங்களுக்குத்தான் யாரும் சீட்டு கட்டல. மெஷின் வந்து எறங்குன அன்னிக்கே பூடுன்னு அனுப்பிட்டானுங்க."

குரலில் கசப்பு இல்லை. தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, தனியே வைத்திருந்த சந்தனத் தூளை எடுத்துக்கொண்டு செடிக்குப் போட மாடிக்குப் போனார். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வெட்கமாக இருந்தது. எட்டு மாதத்தில் அந்த ஆளிடம், அங்கே என்ன நடந்தது என்று நான் ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது. புதிய டிஸ்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பீரோவைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுத்தார். "ஒரு வாரம் ஆச்சு. இனிமே போட்டுடலாம்" என்றார். வாங்கி, சீட்டில் 'ஒரு வாரம்' என்பதை அடித்தேன். பக்கத்தில் 'எப்போதும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு அதை மஞ்சள் துணியில் சுற்றி வேலை உடுப்புக்கு மேலேயே வைத்துவிட்டு, பீரோக் கதவு கிறீச்சென்றதற்கு எண்ணெய் எடுத்துவரப் போனார்.